கண்ணகை வீட்டுக் கிணற்றின் ஒட்சிசன்

எங்கள் ஆய்வுகூடத்துக் குளிரூட்டி நன்றாக வேலை செய்யும் ஐயா. சித்தாண்டி வெயிலிலிருந்து அங்கே போவதே ஒரு சுகம். இருபத்திரண்டு வருடமாக அங்கே தண்ணீர் அளக்கிறேன்.

கண்ணகை என் பக்கத்து வளவுக்காரி. அவளுடைய கிணற்றில் நைத்திரேற்று கூடியிருந்தது. அவளுடைய கைக்குழந்தைக்கு அது ஆகாது; மூச்சு இரத்தத்தில் ஏறாது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டு சொல்வது என் வேலை. தோட்டத்து உரத்திலிருந்து வந்ததென்றால் அதில் பாரமான ஒட்சிசன் அணுக்கள் அதிகம். கழிப்பறைக் குழியிலிருந்து வந்ததென்றால் குறைவு. இயந்திரம் விகிதத்தைக் காட்டிவிடும்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் சீனித்தம்பியின் உரக் களஞ்சியம். வெள்ளத்தில் மூட்டைகள் கரைந்து ஓடியதை நானே பார்த்தேன். என்னைப் படிப்பித்தவர் அவர்.

"தங்கச்சி, உன்ட மெசின் வாயத் திறந்தா என்ட கடைய மூடுவானுகள்."

"மெசினுக்கு அண்ணன் தங்கச்சி தெரியாதே."

"உனக்குத் தெரியும்தானே?"

கண்ணகையின் பெயர் எழுதிய போத்தலில் என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். என் கிணறு எங்கள் குழிக்குப் பக்கத்தில். எண் குறைவாக வந்தது. குழிதான் காரணம் என்று அறிக்கை போனது. எண்ணில் நான் கை வைக்கவில்லை.

கண்ணகையின் புருஷன் பழைய குழியைத் தூர்த்து, வளவின் மறுகோடியில் புதிதாக வெட்டினான். அதுவரை பவுசர் வண்டியில் வந்த தண்ணீர்தான். பிறகு கிணற்றை மறுபடி சோதிப்பதும் என் பொறுப்பு. எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வேலியடியில் நின்று கேட்டாள்.

"இனி அந்தத் தண்ணியில புள்ளைக்குப் பால்மா கரைக்கலாமாக்கா?"

"நல்லாக் காய்ச்சிக் குடு புள்ள."

காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும். நைத்திரேற்று இன்னும் செறியும். அது எனக்குத் தெரியும். வேறு என்ன சொல்லியிருக்க முடியும், சொல்லுங்கள். பதினோராம் நாள் பிள்ளையின் உதடு நீலமானது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது.

செத்த வீட்டில் என் மடியில் விழுந்தாள்.

"எங்கட குழி ஊறின தண்ணிதானேக்கா புள்ளயக் கொண்டது?"

"ஓம் புள்ள," என்றேன்.

இப்போது விசாரிக்க வந்த நீங்கள் அவளுடைய கிணற்றுத் தண்ணீரை வேறு ஆய்வுகூடத்தில் அளந்திருக்கிறீர்கள். எண் உயர்ந்துதான் இருக்கும். போத்தலை மாற்றியது நான். அந்தத் தண்ணீரைக் கொடுக்கச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். கண்ணகைக்கு மட்டும் சொல்ல வேண்டாம் ஐயா. இப்போதுதான் கொஞ்சம் சோறு சாப்பிடுகிறாள், அதுவும் நான் ஊட்டினால்தான். என்னை விட்டால் அவளுக்கு வேறு ஆறுதல் இல்லை.