போன தடவைக்கு நன்றி

— மறுபடி பாக்குறவங்களுக்குக் கதவத் திறந்ததும் நம்ம ஊர்ல மொதல்ல அதத்தானடா சொல்லணும், எய்லர்ட்! "போன தடவைக்கு நன்றி." இன்னியோட அறுபது வயசு ஆகுது, இதையும் அக்கா வந்து சொல்லித் தரணுமா?

— போன தடவை என்ன நடந்துச்சுன்னு நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த, போர்கில்ட்? கிறிஸ்துமஸ் விருந்தன்னிக்கு, இதே வீட்ல, கூடப் பொறந்தவன சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பனியில தள்ளுனேன். காலுல செருப்புகூட இல்ல அவனுக்கு. அதுக்கு நன்றியா? என்னத்தச் சொல்ல.

— யூஸ்தைன் மட்டும் என்ன, சும்மாவா இருந்தான்? மூக்கு முட்டக் குடிச்சிட்டு மேசையவே கவுத்துட்டான்.

— கார் சாவியவும் பிடுங்கிக் கடல்ல வீசுனேன்க்கா. வாங்கி ஒரு மாசம் ஆகாத கார். அதெல்லாங்கூடப் போகட்டும். அவன் பொண்ணு முன்னாடி செஞ்சேன் பாரு. ஏழு வயசுக் கொழந்தை, சிக்னே. அது அழுத அழுகை ஒம்பது வருஷமா காதுல கேக்குது.

— சரி, வாயே திறக்காம நின்னு பாரு. நன்றி சொல்லாம உள்ள கூப்பிட்டா, பழசை மனசுல வச்சிருக்கேன்னுதான் நெனப்பான். அடுத்த கப்பல்லயே கெளம்பிடுவான்.

— அதுக்கப்புறம் ஐஸ்லாந்துல இருந்து இருந்து இந்த வழக்கமெல்லாம் மறந்திருப்பான்.

— எங்கருந்து மறக்குறது? அங்கயும் இதே பேச்சுதான். உன் பொண்டாட்டி ஊரு ஸ்வீடன்ல என்ன, டென்மார்க்ல என்ன, எல்லா எடத்துலயும் நன்றிக்கு "தக்"தானே? தப்பிச்சு எங்க ஓடுவ?

— உன்ன யாரு அவனுக்கு லெட்டர் போடச் சொன்னது?

— பொறந்தநாளுக்குத் தம்பி வேணாமா? வாஃபிள் தீயுது, எடு. சனிக்கிழமை ரேடியோவுல ஒருத்தர் சொன்னாரு. இந்த "தக்"கும் நெனப்புங்கிற சொல்லும் ஒரு வயித்துப் புள்ளைங்களாம். அந்தக் காலத்துல நன்றின்னா, உன்ன நல்லபடியா நெனச்சுக்கிட்டேன்னு அர்த்தமாம்.

— உன் ரேடியோக்காரருக்கு வேற வேலை இல்ல.

— நீ அவன நெனைக்கவே இல்லையா?

— தெனமும்தான் நெனச்சேன். வலை போட்டுட்டுப் படகுல தனியா உக்காந்திருக்கும்போது, போனை எடுப்பேன். நம்பரைப் பாப்பேன். திரும்பப் பைக்குள்ள போட்டுக்குவேன். வெக்கமா இருந்துச்சுக்கா.

— அப்புறம் என்ன? அந்த நெனப்பத்தான் இப்ப வாயால சொல்லப்போற.

— கப்பல் ஊதுது. நான் படகுக் கொட்டகைக்குப் போறேன். அவன்கிட்ட நீயே பேசிக்க.

— கால ஒடிச்சிடுவேன். முடிய ஒதுக்கிட்டு நில்லு. நல்ல சட்டையில மாவு பாரு.

— படியேறுற சத்தம் கேக்குதுக்கா. தட்டுறான்.

— நான் பின்னாடிதான் நிக்கிறேன். திறடா.

— யூஸ்தைன்... வாடா. வந்து... போன...

— போன தடவைக்கு நன்றிண்ணே.

— அத நான்தானடா சொல்லணும்! பனியில தள்ளுனவனுக்கு, வழக்கத்துக்காக நன்றி சொல்றியா?

— வழக்கத்துக்காக இல்லண்ணே. அன்னிக்கு இருந்த போதையில கொழந்தைய ஏத்திக்கிட்டு அந்தக் கடலோர வளைவுல ஓட்டியிருப்பேன். நீ சாவிய வீசிட்ட. அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு சொட்டு தொடல நான்.

— யூஸ்தைன்... உனக்குப் பின்னால நிக்கிறது யாருடா? இவ்வளவு உயரமா?

— நான்தான் பெரியப்பா, சிக்னே. அன்னிக்கு நீங்க அப்பாவத் தள்ளுனதுக்கு நான் அழல. அந்தக் கார்ல ஏறணுமேன்னு பயந்து, அதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிட்டேன். போன தடவைக்கு நன்றி.