செவப்பு மூடி, நீல மூடி

– நூத்தி நாப்பத்து நாலு மணி நேரமாச்சுங்க்கா. ஆறு நாளு, ஆறு ஊசி. சிவப்பு மூடி மருந்து குத்துன எலி காலும் எட்டுல இருந்து ஆறரை மில்லிமீட்டருக்கு வடிஞ்சிருச்சு, நீல மூடி எலி காலும் ஆறரை. எப்படீங்க ஆகும்?

– வீக்கம் வடிஞ்சா நல்லதுதானே ஜோதிமணி பாப்பா?

– வடியோணும். ஆனா சிவப்புல மட்டும் வடியோணும்.

– இது என்ன ஓரவஞ்சன! ரெண்டு கூண்டுக்கும் நீதானே ஊசி குத்துன?

– ரெண்டுலயும் நாம செஞ்ச அதே புரதத் துண்டுதானுங்க்கா. செல்லோட தோல்ல ஒரு சுவிட்ச் மாதிரி இருக்குது. அதை அமுக்குனா வீக்கம் அடங்கும். சிவப்பு மூடி மருந்துல மட்டும் அந்தத் துண்டுக்குக் கொழுப்புல ஒரு வால் ஒட்டியிருக்கேன். வால் செல்லுல சொருகிக்கும், துண்டு அங்கயே நின்னு சுவிட்சை அமுக்கும். நீலத்துல வால் இல்ல. ரத்தத்தோட அடிச்சுட்டுப் போயிரும்.

– அட்டை கணக்கா கவ்விக்கிடும்னு சொல்லு.

– அட்டையே தானுங்க்கா! மூணு வருசம் அந்த வாலுக்குத்தான் அலைஞ்சேன். இப்பப் பாத்தா வால் இல்லாததும் அதே வேலை செய்யுது.

– தானா வடிஞ்சிருக்கும்.

– போன மாசம் ஒரு கூண்டை ஊசி போடாம விட்டமே, பத்து நாளாகியும் எட்டுலயே நின்னுச்சுல்ல?

– எனக்கு என்ன தெரியும். நா கூண்டு கழுவுறவ.

– மூடிய மாத்திட்டனான்னு மூணு தடவை பாத்துட்டேன். மாத்தல. அளவும் சரி. தலை சுத்துதுங்க்கா, ஒண்ணுமே புரியல. நாலு மணிக்கு நம்ம லேப் பெரிய சார் வர்றாரு. ‘வாலால பிரயோசனமில்ல, இந்த மருந்தை நிறுத்திக்கலாம்’னு எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி.

– நிறுத்துனா?

– என் உதவித்தொகையும் நிக்கும். குன்னூரை விட்டு எங்கூரு அன்னூருக்கு பஸ் ஏற வேண்டீதுதான். அந்த வாலைப் பத்தி அப்புறம் யாரு பேசப் போறாங்க?

– ஒன்னையுமா அனுப்பிப்புடுவாக? பொறு பாப்பா. அவசரப்பட்டு எழுதாத. இந்தா, டீயக் குடி. எங்க எஸ்டேட்டுத் தூளு. மூட்ட மூட்டையா கெடக்கு, வாங்க ஆளில்ல.

– பிக்கட்டிப் பக்கம் உங்க எஸ்டேட்டுல வேலை நடக்குதுங்களா?

– நடக்குது, பாதிக்கு. தேயில வெல விழுந்ததும் எஸ்டேட்டுத் தொரை வந்து பாதிப் பேரு நின்னுக்கங்கன்னாரு. யார நிறுத்த? லயத்து வூட்டுக்காரவுக எல்லாம் பேசி மொறை வச்சுக்கிட்டோம். ஒருநா இவுக கொழுந்தெடுப்பாக, மறுநா அவுக. வாரத்துல ஆளுக்கு மூணு நாளு. அரை வயிறுதான். ஆனா ஒரு வூட்டு அடுப்பும் அணையல. எம் புருசன் ராசு இன்னும் அப்புடித்தான் போறாரு.

– ஏனுங்க்கா, சிவப்புக் கூண்டுல காது கிழிஞ்சது ஒண்ணு இருக்குதே, இது எப்ப வந்துச்சு?

– ஆண்டாயியா? கடி வாங்குன காது அது. எங்க லயத்து ஆண்டாயி மாதிரியே சண்டக்காரி. அதான் அந்தப் பேரு.

– அதில்லீங்க. மொத ஊசி அன்னைக்கு இது நீலக் கூண்டுல இருந்துச்சு. நாந்தான் காதுக்கு மருந்து தடவுனேன்.

– எலிக்கு எலி என்ன வித்தியாசம் தெரியுது.

– எலி வால்ல மைக்கோடு இருக்குதுங்களே. சிவப்புக் கூண்டுக்கு ஒண்ணு, நீலத்துக்கு ரெண்டு. இதுக்கு ஒரு கோடுதான் இருக்குது.

– கூண்டு கழுவையில மை அழிஞ்சிரும். நாந்தான் திரும்பப் போடுவேன்.

– அக்கா. என்னைப் பாருங்க.

– வெளிய ஜீப்பு சத்தம் கேக்குது பாப்பா. ஒங்க சாராத்தான் இருக்கும்.

– இருக்கட்டும். என்ன பண்ணுனீங்க?

– சொன்னா எனக்கு இங்க வேல இருக்காது.

– சொல்லாட்டி எனக்கு இருக்காதுங்க்கா.

– நீல மருந்து வேல செய்யாதுன்னு மொத நாளே நீ சொல்லிட்ட. அந்தக் கூண்டுல எட்டு எலியும் நொண்டிக்கிட்டே எம் மூஞ்சியப் பாக்குதுக. தெரிஞ்சுக்கிட்டே எப்புடி நா பக்கத்துக் கூண்டுக்கு மட்டும் நல்ல மருந்துன்னு...

– அக்கா!

– அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடாத தாயீ. நாந்தான் ஊசி முடியிற வரைக்கும் தெனம் விடிய கூண்டு கழுவையில எலிகள மாத்தி மாத்தி விட்டேன். ஒருநா இதுக, மறுநா அதுக. பதினாறும் ஆளுக்கு மூணு செவப்பு ஊசி வாங்கியிருக்குக.