சொதி மட்டும் எங்கள் வீட்டில்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய சிவகாமிப்பிள்ளை அம்மையார் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் முதியோரே! கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வந்திருக்கும் சகோதரிகளே! கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நிற்கும் தாய்மாரே! உள்ளே வருவதா, வீட்டுக்குப் போவதா என்று கதவோரத்தில் தயங்கும் ஆண்மக்களே! அனைவருக்கும் என் வணக்கம், ஸலாம்!

இந்த ஆண்டு நம் மாதர் சங்க விருந்தை நிறுத்திவிடலாம் என்று ஒரு பிரேரணை வந்திருக்கிறது. அரிசி இல்லை, மா இல்லை, பாண் வாங்கக் கடையில் வரிசை. உண்மை! ஆனால் அரிசி இல்லையென்றால் அயல் வீடும் இல்லையா? மா இல்லையென்றால் மனிதரும் இல்லையா? என்னால் ஒப்ப முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, உட்துறைமுகக் கரையில், எங்கள் குறுகிய ஒழுங்கையில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

என் அடுத்த வீட்டுக்காரர் குலசிங்கம். கப்பலிலிருந்து சுமை இறக்குபவர். அவர் சிரித்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஒருநாள் சுமை தூக்கிய கம்பிவடம் அறுந்தது. ஒரு கால் போயிற்று. ஊன்றுகோலோடு வீடு வந்தவர், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூட வேலை செய்த ஜெமீல் பார்க்க வந்தபோது உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வந்தவைக்கு ஒரு பிடி சோறு குடுக்க ஏலாத வீடு இது. ஒருத்தரும் வர வேண்டாம்!"

ஜெமீல் வாசலோடு திரும்பினார். பிறகு எவரும் வரவில்லை. காலை எடுத்தது கம்பிவடம். கூட்டாளிகளை எடுத்தது எது? வெட்கம், அவையோரே, வெறும் வெட்கம்!

அவர் மனைவி பாக்கியரத்தினம் என்ன செய்தார்? வீடு வீடாகப் போனார்.

"ஞாயிறு மத்தியானம் எங்கட வீட்டில பிட்டு விருந்து. பிட்டை நீங்கள் அவிச்சுக் கொண்டு வாங்கோ. சொதி மட்டும் நான் வைக்கிறன்."

சிரிக்கிறீர்கள்! ஒழுங்கையும் சிரித்தது. குலசிங்கத்தின் அக்கா யோகமலர் மட்டும் சிரிக்கவில்லை, கொதித்தார்.

"விருந்துக்குச் சொல்லிப்போட்டுச் சாப்பாட்டையும் கொண்டு வரச் சொல்லுறதோ? எங்கட மானமெல்லோ கப்பலேறுது!"

"ஏறினால் ஏறட்டும் மச்சாள். சாப்பாடு குறைஞ்சாலும் சமாளிக்கலாம். இந்த மனிசன் ஒருத்தரோடயும் கதையாமல் இருக்கிறதை என்னால பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

ஞாயிறு வந்தது. தேங்காய்ப்பாலில் மீன்சொதி தயார். பாய் விரித்தாயிற்று. வாசல் படலை மட்டும் திறக்கவில்லை.

"நான் சொன்னனான்தானே, ஒருத்தரும் வராயினம்" என்றது அறைக்குள்ளிருந்த குரல். பாக்கியரத்தினம் இன்னொரு பாயை எடுத்து விரித்தார். அந்த மனத்திடத்தைக் கவனியுங்கள்!

அப்போது படலை திறந்தது. ஜெமீலின் மனைவி அசனா, கையில் குரக்கன் மாப் பிட்டு, பின்னால் ஜெமீல். அடுத்து நான், மரவள்ளி மாப் பிட்டோடு. பிறகு கோதுமை மாப் பிட்டோடு ஒழுங்கையே வந்தது. கடைசியில் யார்? யோகமலர்! முகத்தில் கோபம், கையில் அரிசிமாப் பிட்டு.

"கிடந்த அரிசியை இடிச்சனான். ஆரும் தின்னுங்கோ, எனக்கென்ன!"

என்ன அம்மா கேட்கிறீர்கள்? எல்லா மாவும் கலந்ததா என்றா? கலந்தது தாயே, ஒவ்வொரு தட்டிலும் கலந்தது!

ஆனால் அறைக்கதவு திறக்கவில்லை. ஜெமீல் எழுந்து போய் அதில் தட்டினார்.

"மச்சான், நான் உன்ர சோறு தின்ன வரேல்ல. என்ர வீட்டுப் பிட்டைத்தான் தின்னப்போறன். இருக்க இடம் தாறியா, திரும்பவும் போகவா?"

பிறகு ஊன்றுகோலின் ஓசை. கதவு திறந்தது. குலசிங்கம் எங்களைப் பார்த்தார். விரித்திருந்த பாயைப் பார்த்தார்.

"என்னால பாயில இருக்க ஏலாது, ஜெமீல்."

"அப்ப நாங்களும் நிண்டு தின்னுறம்!" என்றார் ஜெமீல். தட்டோடு அசனா எழுந்தார். நான் எழுந்தேன். பாயிலிருந்த அத்தனை பேரும் எழுந்தோம். ஓர் ஒழுங்கை முழுக்க, ஒரு மனிதனுக்காக, நின்றபடி சாப்பிட்டோம். யோகமலர் அழுதுகொண்டே ஒரு கதிரையை இழுத்துவந்து தம்பியை இருத்தினார். குலசிங்கமோ சொதிப் பானையைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னார். அகப்பையை எடுத்தார். "ஆருக்குச் சொதி காணாது?" என்று கேட்டார். கேட்டுக் கேட்டு ஊற்றினார்.

இன்று அவர் முன்விறாந்தையில் இருந்து வலை பின்னுகிறார். சுற்றிலும் எப்போதும் ஆட்கள், எப்போதும் கதை.

ஆகவே, அவையோரே, அந்தப் பிரேரணையை எதிர்க்கிறேன்! விருந்து நடக்கும்! குரக்கனா, கொண்டு வாருங்கள்! மரவள்ளியா, கொண்டு வாருங்கள்! ஒன்றுமே இல்லையா? வெறுங்கையோடு வாருங்கள், ஆனால் வராமல் இருந்துவிடாதீர்கள்! நம்மை இல்லாமை வாட்டலாம். நம்மைப் பிரிக்க அதை விடமாட்டோம்! விடவே மாட்டோம்!

தலைவியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த சங்கத்துக்கும் என் நன்றி. இனி முடிவு உங்கள் கையில். விருந்து நடக்கட்டும் என்பவர்கள், அந்தக் கையை உயர்த்துங்கள்!

வணக்கம்.