ஓர் ஆள் படுக்கும் இடம்

ராத்திரி ஒன்றேகால் மணி. சூளகிரியிலிருந்து ஓசூர் போகும் சாலை. அறுபத்தெட்டாம் வருஷம்... அங்கே விளக்கு கிடையாது. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. ஒரே ஒரு புளி லாரி.

அதில் மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தவர் என் நண்பன் அருள்ஜோசப்பின் சித்தப்பா, மைக்கேல்ராஜ். துப்பறியும் நாவல் எழுதுகிறவர். கிருஷ்ணகிரியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. பேச ஆள் கிடையாது.

வீட்டு வேலை என்று சொல்லிப் பெண்களைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் விபசாரத்துக்கு விற்கிறார்களே, அதுதான் புது நாவலுக்கு விஷயம். மத்தூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் லாரி டிரைவர் மாதப்பன்தான் சொன்னான். வேறு யாரோ செய்வதுபோலச் சொன்னான். மூட்டைகளுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விடுவார்களாம். மேலே பலகை, பலகை மேல் மூட்டை, தார்ப்பாய். இங்கே மதுவிலக்கு என்பதால் பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் வண்டியைத்தான் சாராயத்துக்காகக் குடைவார்கள். போகிற வண்டியைச் செக்போஸ்ட் போலீஸ்காரர் ஒரு தடவை சுற்றி வருவார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தால் பெண் தப்பித்தாள். வராவிட்டால் பெங்களூர்.

அந்த இடத்தில் தானே படுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மைக்கேல்ராஜ். மாதப்பன் சிரித்தான்.

“கதை எழுத இவ்ளோ கஷ்டமா சார்? ரெண்டு பொய்யைச் சேத்து எழுதிட்டுப் போங்க.”

அவர் கேட்கவில்லை. படுத்தார். மேலே கயிறு இறுகும் சத்தம்... அப்புறம் இருட்டு. புளியும் சாக்கும் டீசலும் கலந்த வாடை.

ஓசூர் தாண்டியதும் மூச்சுச் சத்தம் கேட்டது. தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். அது நிற்கவில்லை.

ஒரு கை அவர் சுண்டுவிரலைப் பிடித்தது. சின்னக் கை. பிசுபிசுவென்றிருந்தது. பேய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மாதப்பன் ஏமாற்றிவிட்டான், நிஜமாகவே ஒரு பெண்ணை ஏற்றியிருக்கிறான் என்றுதான் நினைத்தார். அது ஓர் ஆளுக்கே போதாத இடம். அதை யோசிக்கவில்லை.

லாரி நின்றது. செக்போஸ்ட். பூட்ஸ் சத்தம்... தடியால் மூட்டையைத் தட்டும் சத்தம்.

“நான் கத்தட்டுங்களாண்ணா?”

காதோரம் கேட்டது.

கத்தினால் தார்ப்பாயைப் பிரிப்பார்கள். உள்ளே ஒரு பெண்ணும் அவரும். கதைக்காகப் படுத்திருந்தேன் என்றால் யார் நம்புவார்? அவள் வாயைப் பொத்தினார். அவள் திமிறினாள். உள்ளங்கையில் பல் பட்டது. பூட்ஸ் சத்தம் தள்ளிப் போனது. லாரி கிளம்பியது. கைக்கடியில் மூச்சு மெல்ல... மெல்ல நின்றது.

அத்திப்பள்ளி தாண்டி மாதப்பன் தார்ப்பாயைப் பிரித்து டார்ச் அடித்தான். மைக்கேல்ராஜ் மட்டும்தான் இருந்தார். வலது கை காற்றைப் பொத்தியிருந்தது. மாதப்பன் டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

நாவல் வரவில்லை. அந்த ஆவணியில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று அருள்ஜோசப் கிருஷ்ணகிரி போனான். நடந்ததை அவனிடம்தான் முதலில் சொன்னார். கேட்க வேறு யார் இருக்கிறார்கள் என்றார். சொல்லி முடித்துத் தூங்கிப்போனார். அருள்ஜோசப் விளக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே பாய் விரித்தான்.

விழித்தபோது ஜன்னலில் நிலா. சித்தப்பா ஒருக்களித்து நல்ல தூக்கத்தில் இருந்தார். அவர் கை இரண்டு பாய்களுக்கும் நடுவே நீண்டு எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. தரையில் படவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

கைக்கடியிலிருந்து குரல் வந்தது. அடைபட்ட குரல். பேசியது அருள்ஜோசப்பிடம்.

“செக்போஸ்ட்டு தாண்டி எவ்ளோ நாளாச்சு. இன்னும் கையை எடுக்க மாட்டேங்கறாரு. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா.”