பல்லேகமக் கணினி மறக்கவில்லை

மழை பெய்தால் பல்லேகமவில் முதலில் விழுவது லைன்தான், சேர். அதற்காகவே எங்கள் கிளினிக் கணினியை அப்படிப் பழக்கி வைத்தேன். நான் வேலை செய்யும் மாத்தளை சுகாதார அலுவலகத்தோடு தொடர்பு அறுந்தாலும், கடைசியாக ஏற்றுக்கொண்ட பாஸ்வேர்டை நினைவில் வைத்து அது ஆளை உள்ளே விடும். தொடர்பு திரும்பி, புதியதைப் போட்டால்தான் பழையதை மறக்கும்.

அங்கே நோயாளர் விபரம் பதிபவன் ரிஸ்வி. நானும் அவனும் ஒரே சஹன் தட்டில் கூடி உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தவர்கள். அவனுடைய பாஸ்வேர்டே 'நிஸ்தார்மச்சான்'. நிஸ்தார் நான்தான்.

நான் விரும்பிய அஸ்ராவை எனக்குக் கலியாணம் பேசிவர அலுவிகாரையில் அவள் வீட்டுக்கு அவனைத்தான் அனுப்பினேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மடையன் நான். வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஒனக்குத்தான் பேசினேன் மச்சான், வல்லாஹி. அவங்க வாப்பாதான் என்னைய மாப்பிள்ளையாக் கேட்டுட்டாரு" என்றான். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாயில்லையா? கலியாணத்தில் அவன் பக்கத்திலேயே என்னை சஹனில் உட்கார வைத்தான். நானும் சாப்பிட்டேன்.

கலியாண லீவில் மாத்தளை அலுவலகத்துக்கு வந்து பாஸ்வேர்டை மாற்றினான். ஏன் என்று கேட்டேன். "இனி வீட்டுக்காரி பேரு மச்சான்" என்று சிரித்தான்.

அவன் வேலைக்குத் திரும்பியபோது பல்லேகமவில் லைன் விழுந்து கிடந்தது. சரிசெய்ய என்னை அனுப்பினார்கள். ரிஸ்வி ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தான். லைனைத் தொடுமுன் அவனுடைய பழைய பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தேன். உள்ளே விட்டது. அவன் தூக்கி எறிந்த என் பெயரை அந்தக் கணினி மறக்கவில்லை.

நல்லம்மா என்ற தேயிலைத் தோட்டத்து அம்மாவின் விபரத்தில் 'பெனிசிலின் ஒவ்வாது' என்றிருந்தது. அதை அழித்தேன். பிறகு லைனைக் கொடுத்தேன். ரிஸ்வி அழித்ததாகவே அது மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தது.

நல்லம்மா மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. போனமுறை எனக்குத் தோடம்பழம் கொடுத்தவர். காலில் புண்ணோடு மறுநாள் ஊசிக்கு வரவிருந்தவர் அவர்தான், அவ்வளவுதான். டொக்டர் திரையைப் பார்த்துத்தான் ஊசி போட்டார். உட்கார்ந்திருந்த வாங்கிலேயே அவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

அழித்தது அவன்தான் என்று நீங்கள் பிடித்துக்கொண்டு போன ரிஸ்வி, ஸ்டேஷனிலிருந்து எனக்குத்தான் ஃபோனில் கோல் எடுத்தான். "நான் அழிக்கல மச்சான். ஒன்னய விட்டா எனக்கு யாரு இருக்கா? வந்து சேருக்கு வெளங்கப்படுத்து" என்று அழுதான்.

வந்தேன், விளங்கப்படுத்திவிட்டேன். அழித்தவன் நான், கொன்றவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், சேர்: கூட இருந்தே குழி பறித்தவன் அவன்தான்.