வரைபடம்தான் தப்பு

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, ஆய்வுக்கூட நண்பர்களே, படகுத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவரே, மகளே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

கடலடி வரைபடப் பிரிவை உருவாக்கிய எங்கள் தலைமை ஆய்வாளர் இன்று நம்மோடு இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வெண்ணெய் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதாம். கணவர் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கரைக்கு அப்பால் எங்கே மணல், எங்கே பாறை, எங்கே கடற்புல் என்று கேட்டால் அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எங்கே என்ன வாழ்கிறது என்று தெரியாமல் கடலைக் காப்பது எப்படி? அந்தக் கேள்விக்குத்தான் தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

துறைமுகத்தை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கடலில் கொட்ட இடம் தேடினார்கள். எங்கள் வரைபடத்தில் ‘உயிரற்ற சேறு’ என்று குறித்திருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வரைபடத்தில் கையெழுத்திட்டவர் அம்மையார்தான். மண் கொட்ட அனுமதி கொடுப்பதற்கான விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அந்தச் சமயத்தில், பக்கத்துப் பாறைகளைப் படமெடுக்கப் போன எங்கள் படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் அந்தச் சேற்றின்மேல் நிறுத்தியது. கேமரா அடியைத் தொட்டதும் திரையில் இறகு இறகாக உயிர்கள், கண்ணுக்கு எட்டும்வரை. அவற்றின் காலடியில் மீன்குஞ்சுகள். அந்த வரைபடத்துக்கு நாங்கள் நம்பிய ஒலிக்கருவி, அடிமண் மெத்தென்று இருப்பதை மட்டும் சொல்லியிருந்தது. அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

வரைபடத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், வெளியே தெரிந்தால் பிரிவின் மானமே கப்பலேறிவிடும் என்று எங்களில் சிலர் மன்றாடினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் விசாரணைக்குக் கிளம்பினார்.

விசாரணை மண்டபத்தில் அதிகாரி வரைபடத்தை நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“கையெழுத்து என்னுதுதான். வரைபடம்தான் தப்பு. பாக்காமலே உயிர் இல்லன்னு எழுதிட்டேன்.”

மறுவாரம் செய்தித்தாள்கள் அவரைக் கிழித்தன. பதவி விலகச் சொன்னவர்களும் உண்டு. அசைந்தாரா? அந்தப் பரப்பு முழுவதும் கேமராவை இறக்கி, புதிய வரைபடத்தோடு வந்து நின்றார். மண் வேறிடத்துக்குப் போயிற்று. அந்தச் சேறு இன்று காக்கப்பட்ட பகுதி. தன் பிழையைத் தானே சொன்ன பிரிவு என்றுதான் மற்ற துறைமுகங்களும் எங்கள் வரைபடத்தை நம்பிக் கேட்கின்றன. அன்றிலிருந்து அவருக்கு ‘ரப்பர் மேடம்’ என்று பெயர். அழித்து எழுதுபவராம்! அந்தப் பெயரை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துக்கத்தை முன்னிட்டு அடுத்த பயணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று நேற்று மகளிடம் கேட்டேன். “படகை நிறுத்தாதீங்க மாமா. அம்மா இருந்தா சண்டைக்கே வந்திருப்பாங்க” என்றார்.

நிறுத்தமாட்டோம். வடக்கு ஆழத்தில் எங்கள் வரைபடம் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. திங்களன்று அங்கே போகிறோம். பார்த்ததை எழுதுவோம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதுவோம். அம்மையாரே, இந்தச் சபையின் முன் இது உங்களுக்கு நாங்கள் தரும் வாக்கு.