கண் வைக்காத முகம்

வயதில் மூத்தவர்களை நான் ஒருமையில் அழைப்பதில்லை. வளர்த்த விதம் அப்படி. பழைய பேப்பர் எடுக்க வருபவர் என்னைவிட ஒரு வயது பெரியவராகத் தெரிந்தாலும் 'வாங்க' என்றுதான் வாயில் வரும். 'வா' என்று சொல்ல நா எழாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகு நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதைப் பற்றியதுதான். சரியான கேள்வி. உங்களுக்கு முன்னால் விசாரித்தவர்கள் வெளிச்சம் போதுமான அளவு இருந்ததா, தரை ஈரமாக இருந்ததா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போதுமான அளவு இருந்தது. தரை ஈரமாக இல்லை.

முகமூடி செய்வது என் தொழில். கடை வாசலில் தொங்கும் புலியும் குரங்கும் அல்ல. சோதனைக் குறும்படம் எடுப்பவர்களுக்கு வேண்டிய முகமூடி, உடை, சிலை ஆகியவற்றைக் கையால் செய்து கொடுக்கிறேன். அந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. புரிந்ததாகச் சொல்பவர்கள் அவர்களைவிடச் சற்று அதிகம்.

கடைசியாக நான் வேலை செய்த படத்தின் இயக்குநர் ஒரு பல் மருத்துவர். நாங்கள் எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவோம். முகத்தில் அச்செடுக்கும் பசையும் வெள்ளைப் பிளாஸ்டரும் அவருடைய கிளினிக்கிலிருந்தே வந்துவிடும். படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கண் இல்லாத ஒருவன், பாதி கட்டி நிறுத்திய ஒரு கட்டடத்துக்குள் சிலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறான். பேச்சு கிடையாது; காலடியும் உடையின் சரசரப்பும் மட்டும் கேட்கும். உடையைப் பழைய எக்ஸ்ரே தாள்களை நறுக்கித் தைத்திருந்தேன். யாருடையவோ விலா எலும்புகளும் மூட்டுகளும் வெளிச்சத்தில் தெரியும். அசைந்தால் காய்ந்த இலை மிதிபடுவது போல ஓசை வரும்.

நடந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நடிக்க வருவதாகச் சொன்னவர் வராமல் போகவே, வேடிக்கை பார்க்க வந்த அத்தானை நிறுத்திவிட்டார்கள். அக்கா வீட்டின் பின்னறையில்தான் என் பட்டறை. ஆகவே அவருடைய சத்தம் எனக்குப் பழக்கம். தூக்கத்திலும் பேசுவார். முகமூடிக்குக் காகிதக் கூழ் காய்ச்சும்போது எட்டிப் பார்த்து, "மாப்ள, இன்னைக்குச் சாப்பாடு இதுதானா?" என்பார். ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்பார். ஒவ்வொரு முறையும் அவரே சிரிப்பார்.

அவர் முகத்தில் அச்செடுத்த நாளை நான் மறக்கவில்லை. மூக்கில் குழாய் வைத்து, முகம் முழுவதும் பசை பூசிப் படுக்க வைத்திருந்தேன். பசை இறுகும்வரை பேசவோ அசையவோ கூடாது. அக்கா கதவருகே நின்று பார்த்தாள்.

"இப்படியே விட்டுடேன் தம்பி. வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு பாரு."

பசை கலக்க வந்திருந்த டாக்டர் சிரித்தார். படுத்திருந்தவரின் வயிறு குலுங்கி அச்சு கலைந்து, மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நான் சிரிக்கவில்லை. அக்கா சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது அச்சு குறையில்லாமல் வந்தது. அதன்மேல் காகிதக் கூழை அடுக்கடுக்காகப் படிய வைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணம் பூசி, மறுபடி தேய்த்தேன். அத்தானின் முகந்தான், ஆனால் எதுவும் சொல்லக் காத்திராத முகம். கண் இருக்கும் இடத்தில் மழமழவென்று வெறும் பரப்பு. துளையும் இல்லை, கோடும் இல்லை. கண் வைத்தால் பார்ப்பவர்கள் கண்ணையே பார்ப்பார்கள். மற்றதற்கெல்லாம் நான் பட்ட பாடு வீண். அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஊர்க் கண்ணு பட்டுடும்னு கண்ணே வைக்கலையாடா?" என்றாள். பிறகு, "இது அவரைவிட நல்லாருக்கு" என்றாள். என் வேலையைப் பற்றி அக்கா சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

முகமூடி போட்டவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே கேமராவின் சட்டகத்துக்கு வெளியே அவரை ஒட்டி நடந்து, வழி சொல்வது என் பொறுப்பு; ஒலிப்பதிவில் விழும் என் குரலைப் பிறகு வெட்டிவிடுவார்கள். முதல் நாள் என் வழக்கப்படி, "முன்னால வாங்க அத்தான், கொஞ்சம் திரும்புங்க, போதும், நில்லுங்க" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய முழங்கால் ஒரு சிலையில் மோதியது.

"ஏன்டா மாப்ள, நீ மரியாதை குடுத்து முடிக்கறதுக்குள்ள என் முட்டி போயிடுது. வா, நில், திரும்பு. அவ்வளவுதான். மாட்டை ஓட்டற மாதிரி ஓட்டு."

"அது எப்படி அத்தான், உங்களைப் போய்."

"படத்துல நான் உங்க அத்தான் இல்லடா. எலும்புக்கூடு."

எனக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை. இரண்டொரு நாள் தடுமாறிய பிறகு வழி கிடைத்தது. நான் அத்தானிடம் பேசவில்லை, முகமூடியிடம் பேசுகிறேன் என்று வைத்துக்கொண்டேன். முகமூடியைச் செய்தவன் நான். அது எனக்கு இளையது. அதன்பின் 'வா' தாராளமாக வந்தது. அவரும் தயக்கமில்லாமல் கால் வைக்கத் தொடங்கினார். இப்படி நம்பி நடக்கிறவரைத் தான் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

படம் முடியும் தறுவாயில் ஒரு காலை பட்டறைக்கு வந்தேன். மேசைமேல் கிடந்த முகமூடியில் இரண்டு துளைகள் இருந்தன. அத்தான் தன் கடையிலிருந்து துளைப்பான் கொண்டுவந்து போட்டிருக்கிறார். விளிம்பு பிய்ந்து, உள்ளிருந்த காகித அடுக்கு வெளியே தெரிந்தது.

"ரெண்டே ரெண்டு ஓட்டைதான் மாப்ள. உன் மூஞ்சியில எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாரு. அதனால ஏதாவது குறைஞ்சா போயிட்ட?"

நான் பிய்ந்த காகிதத்தைக் கிள்ளி எடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உள்ள ஒரே இருட்டுடா. பயமா இருக்கு. அக்காகிட்ட சொல்லிடாத."

அக்காவிடம் நான் சொல்லவில்லை. அதை அவருக்குச் செய்த மரியாதையாகவே இன்றும் கருதுகிறேன்.

டாக்டர் வந்து பார்த்தால் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அட, உள்ள இருந்து யாரோ எட்டிப் பாக்கற மாதிரி இருக்கே. இப்படியே இருக்கட்டும். கடைசில இதைக் கழட்டி முகத்தையே காட்டிடலாமா?" என்றார்.

"சிரிக்கட்டுமா டாக்டர்? பல்லெல்லாம் உங்க கைவேலைதான்" என்றார் அத்தான்.

இருவரும் சிரித்தார்கள். படத்தின் முடிவு அங்கே தீர்மானமாகிவிட்டது: முகமூடி கழலும், பார்ப்பவர்கள், 'ஓ, இந்த ஆள்தானா' என்பார்கள்.

எனக்குக் கோபம் வந்ததாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். அந்த வாரம் முழுவதும் கை நடுங்கவில்லை. துளைகளை அடைத்து, பூசி, தேய்த்து, அடைத்த இடம் எது என்று எனக்கே தெரியாதபடி சரிசெய்தேன். பிறகு அதே அச்சில் இன்னொன்று செய்தேன்.

இரண்டாவது முகமூடியை நீங்கள் பையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்திருப்பீர்கள். உட்புறம் சொரசொரப்பாக இருப்பதையும், அடுக்குகள் குறைவாக இருப்பதையும் கவனித்திருக்கலாம். நான் செய்யும் ஒவ்வொரு முகமூடிக்கும் தாடையின் உட்பக்கம் என் கையெழுத்தைக் கீறுவது வழக்கம், அதில் கீறவில்லை. என் வேலையை இதை வைத்து எடைபோட்டுவிடாதீர்கள். விழுந்து உடையப் போகிற பொருளுக்கு உப்புத்தாள் போடுவது வீண் என்று நினைத்தேன்.

அன்று படப்பிடிப்பு கட்டடத்தின் மேல்தளத்தில். லிஃப்ட் வைப்பதற்காக விட்டிருந்த திறப்புக்கு முன்னால் கூரையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தோம். கண் இல்லாதவன் நடந்து வந்து துணிக்கு முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. துணிக்குப் பின்னால், திறப்பின் குறுக்கே பலகை கட்டியிருந்தது. பலகையின் நிழல் துணியில் கோடாக விழுகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். உண்மையாகவே விழுந்தது. அவர் திரையில் பார்த்துவிட்டு, "ஆமா, அசிங்கமா இருக்கு. எடுத்துடுங்க. நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே" என்றார். எடுத்தேன். அவர்மேல் குற்றமில்லை. நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முகமூடியை அத்தான் முகத்தில் வைத்ததும் கேட்டார்.

"ஓட்டை எங்கடா?"

"ஓட்டை போட்டதுல பசை காயல அத்தான். இந்த ஒரு ஷாட்டுக்கு இதைப் போட்டுக்கங்க."

கண் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "சரி விடு. நீ இருக்கறப்ப எனக்கு எதுக்குக் கண்ணு."

பின்னால் வாரைக் கட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இறுக்கந்தான். உங்கக்கா மாதிரி" என்றார்.

அதன்பின் நடந்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. வா. வா. திரும்பு. வா. நில். வா. இடையில் எக்ஸ்ரே தாள்களின் சரசரப்பு. துணி அவர் கையில் பட்டதும் சரசரப்பு நின்றுவிடுகிறது. நான் நிறுத்தவில்லை, அவராகவே நின்றார். அதுவரை எந்தக் காட்சியிலும் நான் சொல்லாமல் அவர் நின்றதில்லை. முகமூடிக்குள்ளிருந்து, "இன்னும் இருக்கா மாப்ள?" என்று கேட்கிறார். தாழ்ந்த குரல்தான். முன்பு சொன்னேனே, அதே குரல்.

நான், "வாங்க" என்கிறேன்.

நீங்கள் கேட்டது இதைத்தான்: அதுவரை 'வா' என்றவன் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் 'வாங்க' என்றேன். வாய் தவறி வந்ததா என்றும் கேட்டீர்கள். தவறி வரவில்லை. துணிவரை நான் முகமூடியைத்தான் நடத்தி வந்தேன். முகமூடி கேள்வி கேட்காது. கேட்டவர் அத்தான். என்னைவிட வயதில் மூத்தவர், என் அக்காவைக் கட்டியவர், அந்த வீட்டில் எனக்கு ஓர் அறை கொடுத்தவர். அவர் ஒன்று கேட்கும்போது ஒருமையில் பதில் சொல்வது எப்படி? மரியாதையாகச் சொன்னேன். மரியாதையாகச் சொன்னதால்தான் நம்பியிருக்க வேண்டும். துணியை விலக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தார்.

அன்று அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் விழுந்தப்ப நீ எங்கடா இருந்த?"

"பக்கத்துலதான்க்கா இருந்தேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது போதும். கடைசியா உன் குரலையாவது கேட்டாரே" என்றாள்.

அசல் முகமூடி இப்போது அக்காவின் கூடத்தில் இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். வீடு நிம்மதியாக இருக்கிறது, அவள் கேட்டதுதான். ஆனால் போன வாரம் புதிதாக ஒன்று கேட்டாள்: "இதுக்குக் கண்ணு வச்சுக் குடு தம்பி. என்னைப் பாக்கற மாதிரி." பூச்சு இன்னும் காயவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் அவரைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. போகச் சொல்லவுமில்லை. ஆனாலும், கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை மறுக்கப் போவதில்லை. திறப்பு அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பலகை இல்லாததும் தெரியும். அடுத்த அடி எங்கே விழும் என்பதும் தெரியும். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கிறது. எழுவாய் நான்தான்.

ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்தவர், பழக்க தோஷத்தில் கடைசிச் சொல்லையும் 'வா' என்றே அடித்திருக்கிறார். அதை 'வாங்க' என்று மாற்றித் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இது ஒருநாள் அக்காவின் கைக்குப் போகும். அத்தானை நான் ஒருமையில் கூப்பிட்டேன் என்று அவள் படித்துவிடக் கூடாது.